பொலோட்டாவின் இடது பின்னங்கால்

போர்ச்சுகலில் எங்கள் ஊர் கொலெகாவில் தோனா ஒடீலியாவைத் தெரியாத குதிரை கிடையாது. மனிதர்களுக்கும் அவளைத் தெரியும். ஆனால் அவள் தூரத்தில் வருவதைப் பார்த்தாலே மனிதர்கள் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள், முக்கியமாகக் குதிரைமேல் இருக்கும் மனிதர்கள். அவள் நேராக வருவாள். வணக்கம் கிணக்கம் எதுவும் கிடையாது. குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டியிருக்கும் வார்ப்பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள். விரல் போனால் ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டிவிடுவாள். போகவில்லை என்றால் அன்றைக்கு அந்த ஆளுக்குச் சாப்பாடு இறங்காது.

"கழுத்துல டை கட்டியிருக்கேல்ல, அதை இதே மாதிரி இறுக்கிக்கிட்டு ஒரு வாய் சூப்பு குடிச்சுக் காட்டு. குடிச்சிட்டேன்னா நானே வந்து இந்தப் பட்டையை இன்னும் ரெண்டு ஓட்டை இறுக்கித் தர்றேன்" என்பாள். இதைத் தேவாலய வாசலில், ஞாயிற்றுக்கிழமை, ஊரே வெளியே வரும் நேரம் பார்த்துச் சொல்வாள். அவளுக்கு 'ரெண்டு விரல்' என்று பட்டப்பெயர் விழுந்ததில் என்ன ஆச்சரியம்?

பிறவிக் குணம் அது. அவள் அப்பா ரொட்டிக்காரர். ரோலா என்று ஒரு வயதான பெண்குதிரை வண்டி இழுக்கும். ஒரு நாள் மேட்டில் வண்டி நின்றுபோய், ஒடீலியாவின் சித்தப்பா சாட்டையை ஓங்கினார். எட்டு வயதுப் பெண் எட்டிப் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கவ்விவிட்டாள். கத்தினார், உதறினார், அவள் விடவில்லை. ரொட்டி மொத்தமும் மேட்டிலிருந்து ஆற்றுப் பக்கமாக உருண்டு போனது. சித்தப்பா சாகும்வரை அந்தத் தழும்பை நாய்க்கடி என்றுதான் வெளியூர்க்காரர்களிடம் சொல்லி வந்தார்.

வயதுக்கு வந்ததும் ஒரு குதிரைப் பண்ணையில் சமையல்கட்டு வேலைக்குப் போனாள். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் சவாரிக்களம். அங்கே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். கண் களத்தில் இருந்தால் கை எங்கே நிற்கும்? உரித்துக்கொண்டே இருப்பாள், கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிடும். தலைமைச் சமையல்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "நீ போய்க் குதிரைங்களுக்கே ஆக்கிப் போடு தாயே, நாங்க பொழைச்சுப் போறோம்" என்று லாயத்துக்குத் துரத்திவிட்டாள். ஒடீலியாவுக்கு அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் யாரும் செய்ததில்லை.

அங்கேதான் பழைய முறைச் சவாரி அவளைப் பிடித்துக்கொண்டது. அடிப்பது, இழுப்பது, முறுக்குவது எதுவும் அதில் கிடையாது. குதிரை நின்ற இடத்திலேயே தாளம் போட்டுத் துள்ளும், தோளை உள்ளே வாங்கிப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், ஒரே இடத்தில் சுழலும். மேலே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். கேட்டதைக் குதிரை செய்ய வேண்டும், கேட்டது யார் கண்ணிலும் படக் கூடாது, அவ்வளவுதான். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஒரு குதிரையை அப்படிக் கொண்டுவர ஒரு பிள்ளையைப் பெற்றுப் பள்ளிக்கூடம் முடிக்க வைக்கிற காலம் ஆகும். ஒடீலியாவுக்குப் பிள்ளை இல்லை. பொலோட்டா இருந்தான்.

பொலோட்டா என்றால் கருவாலி மரத்துக் கொட்டை. பிறந்தபோது அந்த நிறம்தான். எங்கள் பக்கத்துக் குதிரைகள் பாதி அப்படித்தான், கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வயது ஏற ஏற வெளுத்து, கடைசியில் பால்போல ஆகிவிடும். முன்கால் கொஞ்சம் கோணல் என்று பண்ணைக்காரர்கள் கழித்துக் கட்டிய குட்டி அது. அதை வாங்கி வந்த பணம் குளியலறைக்கு ஓடு பதிக்க வைத்திருந்த பணம். இன்றைக்கும் ஒடீலியா வீட்டுக் குளியலறையில் சிமெண்டுத் தரைதான். லாயத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு.

இதையெல்லாம் சகித்துக்கொண்ட அந்த மகராசன் யார் என்று கேட்க மாட்டீர்களா? பெல்மீரோ. தபால்காரன். பண்ணைக்குத் தபால் கொடுக்க வந்து, லாய வாசலில் சாணி அள்ளிக்கொண்டிருந்த ஒடீலியாவைப் பார்த்து, மறுநாளிலிருந்து தபால் இல்லாத நாளிலும் வர ஆரம்பித்தவன். ஒல்லி, நிதானம், பேச்சு குறைவு. கால்நடையாகவே மூன்று ஊருக்குத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் ஆகி முப்பது வருடம் தாண்டிவிட்டது. மழை பெய்தால் அவள் முதலில் ஓடுவது லாயத்துக் கூரையைப் பார்க்க. வீட்டுக் கூரை ஒழுகுவதை அவன் வாளி வைத்துப் பார்த்துக்கொள்வான்.

"எனக்குக் காய்ச்சல் அடிக்குது ஒடீலியா" என்பான்.

"வெந்நீர் போட்டுக் குடி. பொலோட்டாவுக்கு இருமல், நான் ராத்திரி அங்கதான்."

"நானும் அங்க வந்து இருமட்டுமா?"

"நீ இருமினா அவன் பயப்படுவான்."

குதிரையோடு அவனுக்குப் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. அவள் தரையில் நின்று பயிற்சி கொடுக்கும்போது பக்கத்தில் கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அது அவன்தான். அவள் கத்துவாள், இவன் பிடிப்பான். பொலோட்டா அவனுடைய தபால் தொப்பிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருப்பான்.

ஒடீலியாவுக்கு ஒரே ஒரு சட்டம். குதிரையில் எது சரியில்லை என்று யார் வந்து சொன்னாலும் அவள் குதிரையைப் பார்க்கவே மாட்டாள், சொன்னவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பாள். "குதிரை தப்புப் பண்ணாது. மேல உக்காந்திருக்கிறதுதான் பண்ணும். இறங்கு!" இப்படி அவள் இறக்கிவிட்டவர்களில் நகரசபைத் தலைவர் உண்டு, பாதிரியார் உண்டு, லிஸ்பனிலிருந்து வந்த பல் டாக்டர் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து எவரிஸ்டோவை இறக்கியது. எவரிஸ்டோ மதுக்கடைக்காரர். உடம்பு அவர் கடைப் பீப்பாய்களோடு போட்டி போடும். நவம்பரில் புனித மார்த்தின் திருநாளுக்கு எங்கள் ஊரில் குதிரைச் சந்தை. தெருவெல்லாம் குதிரை, வறுத்த கஷ்கொட்டைப் புகை, புது ஒயின். குதிரையை விட்டு இறங்காமலேயே கடைக் கடையாகக் கையை நீட்டி வாங்கிக் குடிப்பது வழக்கம். எவரிஸ்டோ காலையில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் இறங்குவார்.

"இறங்குய்யா" என்றாள் ஒடீலியா.

"அட, நான் சும்மாத்தானே உக்காந்திருக்கேன் தோனா ஒடீலியா! ஓட்டக்கூட இல்லையே!"

"அதைத்தான்யா நானும் சொல்றேன். நீ உக்காந்திருக்க. அவ நின்னுக்கிட்டு இருக்கா. சேணத்தைக் கழட்டி உன் முதுகுல வச்சுக்கிட்டுக் குடி. எவ்வளவு நேரம் குடிக்கிறேன்னு பாக்குறேன்."

சுற்றிலும் கூட்டம். எவரிஸ்டோ ரோஷக்காரர், அப்போது போதையும் இருந்தது. சேணத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு குடித்தார். மூன்றாவது கோப்பையில் முழங்கால் ஆடியது, ஐந்தாவதில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ தெய்வம்டி, என்னை மன்னிச்சிரு" என்று அழுதார். அன்றிலிருந்து அவர் முக்காலியில் உட்கார்ந்துதான் குடிக்கிறார். ஒடீலியா தன் மானத்தில் பாதியை வாங்கிவிட்டாள் என்று ஊர் முழுக்கப் புலம்புவார். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பாட்டில் அனுப்பத் தவறமாட்டார்.

இவ்வளவு அதட்டிக்கொண்டு திரிந்தாளே, அவளுக்கென்று ஓர் ஆசை இல்லாமல் இருக்குமா? இருந்தது. பழைய முறைச் சவாரியில் கடைசிப் படி ஒன்று உண்டு. தோல் வாரைக் கழற்றிவிட்டு, வெறும் தையல் நூலைக் கடிவாளத்தில் கட்டிக்கொண்டு அத்தனை வித்தையையும் செய்து காட்டுவது. கை கொஞ்சம் கனத்தாலும் நூல் அறுந்துவிடும், மானம் போய்விடும். சந்தை நாளில், ஊர்ச் சதுக்கத்தில், அத்தனை பேர் முன்னால், பொலோட்டாவின் மேல் நூல் பிடித்து ஒரே ஒரு முறை. அதற்காகத்தான் அவள் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு வாங்க அவளுக்கு வாய் வராது. யாராவது கூப்பிட வேண்டும்.

அவளுக்கு அறுபதும் பொலோட்டாவுக்குப் பத்தொன்பதும் ஆன வருடம் விழாக் குழுவினர் கூப்பிட்டார்கள். ஒடீலியா சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிமெண்டுத் தரைக் குளியலறையில் அவள் ஆடியதைப் பெல்மீரோ சாவித் துவாரம் வழியாகப் பார்த்ததாக அவனே சொல்லியிருக்கிறான்.

அப்புறம்தான் வந்தது வினை. சந்தைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பொலோட்டாவின் இடது பின்னங்கால் சரியில்லாமல் போனது. நொண்டல் என்று சொல்ல முடியாது. துள்ளுநடையில் அந்தக் கால் மட்டும் ஒரு மயிரிழை குட்டையாக விழுகிறது. வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் தெரிந்துவிட்டது.

லாடம் கட்டுபவர் வந்து நான்கு காலையும் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். அவரைத் திட்டி அனுப்பினாள். களிமண் பற்று, கற்பூரத் தைலம், தவிட்டுக் கஞ்சி, இரவு முழுக்கக் காலில் கம்பளிச் சுற்று. கம்பளி போதாமல் பெல்மீரோவின் நல்ல ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னினாள். அந்தக் குளிரில் அவன் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு அலைந்தான். அவளும் படிக்கட்டு ஏறும்போது, "அம்மாடி" என்பாள், இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், குதிரைக்கு வாங்கிய தைலத்தில் மிச்சத்தைத் தானும் தேய்த்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் ஒரே வாசனை.

கால்நடை டாக்டர் வலாதாஸ் மூன்றாவது முறையாக வந்தார். பாவம், முதல் இரண்டு முறையும் அவரை அரைகுறை என்று சொல்லியிருந்தாள்.

"பெல்மீரோ, நீங்க கயித்தைப் பிடிச்சு ஓட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

பெல்மீரோ ஓடினான், பொலோட்டா பக்கத்தில் துள்ளினான். கடிகாரம்போல நான்கு காலும் சமமாக விழுந்தன.

"மறைக்கிறான்" என்றாள் ஒடீலியா.

"குதிரை மறைக்குமா?"

"இவன் ரொம்ப நாகரிகமானவன்."

"சரி, நீங்க ஏறுங்க."

ஏறினாள். உடனே அந்த மயிரிழைக் குறை வந்துவிட்டது. "பாருங்க! பாருங்க!" என்று வெற்றியோடு கத்தினாள். டாக்டர் தாடையைச் சொறிந்துகொண்டார். "இறங்குங்க தோனா ஒடீலியா. இப்ப அந்த வேலி வரைக்கும் நீங்க நடந்து போய்ட்டுத் திரும்பி வாங்க. குதிரை வேண்டாம். நீங்க மட்டும்."

என்ன பைத்தியக்காரத்தனம் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். டாக்டர் குதிரைகளைப் பார்க்கிற அதே பார்வையோடு, தலையைச் சாய்த்துக் குனிந்து பார்த்தார். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"இடது பின்னங்கால்."

பெல்மீரோ சிரிப்பை அடக்கக் குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒடீலியா சிரிக்கவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இடுப்பு மூட்டு தேஞ்சு போயிருக்கு. மனுஷ டாக்டரைப் போய்ப் பாருங்க" என்றார் வலாதாஸ். "நீங்க ஒரு பக்கமா சரிஞ்சு உக்காருறீங்க. அந்தக் கோணலை அவன் சுமக்குறான். குதிரைக்கு ஒண்ணும் இல்ல."

இறக்கிவிட்ட அத்தனை பேருக்கும் சேதி அன்று மாலையே போய்விட்டது. நியாயமாகப் பார்த்தால் ஊர் பட்டாசு வெடித்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் விசித்திரமானவர்கள். எல்லோரும் கேக்கும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள்.

"அஞ்சு நிமிஷ விஷயம்தானே, ஏறிருங்க" என்றார் நகரசபைத் தலைவர்.

"அவனுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் பாதிரியார்.

"ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு உக்காந்துருங்க தோனா ஒடீலியா. நாங்க எல்லாம் எத்தனை வருஷம் எப்படி உக்காந்தோம்!" என்றார் எவரிஸ்டோ.

ஒவ்வொன்றும் அவர்கள் அவளிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட சாக்கு. அதே சாக்கு இப்போது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! சொல்ல வெட்கம்தான், ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே, அவள் மாத்திரையைப் போட்டாள். மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் நூலைக் கட்டிக்கொண்டு பொலோட்டாவின் மேல் ஏறினாள். வலி இல்லை. பக்கவாட்டு நடை, சுழற்சி, நின்ற இடத்துத் துள்ளல், கேட்டதெல்லாம் செய்தான். நூல் அறவில்லை. சதுக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஆனால் ஒரு திருப்பத்தில் அவன் முதுகு அவளுக்கு அடியில் மெல்ல நகர்ந்ததை உணர்ந்தாள். அவள் இடது பக்கம் சரிந்தாள், அவன் தன் முதுகை இடது பக்கமாகக் கொண்டுவந்து அவளைத் தாங்கினான். விழப்போகிறவர்களின் கீழே தோளைக் கொடுப்பதுபோல. எத்தனை மாதமாக இப்படித் தாங்குகிறானோ! காது ஒன்று பின்னால் திரும்பி அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒடீலியா அங்கேயே நிறுத்தினாள். "இறங்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இறங்கினாள். சேணத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, எட்டு வயதில்கூட அழாத அழுகையை அழுதாள்.

சந்தையில் ஏறப்போவதில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது எவரிஸ்டோவும் இருந்தார், யாரோ ஆறுதல் சொல்லக் கொண்டுவந்த கேக்கைத் தின்றுகொண்டு.

"ஏறாட்டி என்ன? பின்னால நடந்துக்கிட்டே நீள நூலைப் பிடிச்சு ஓட்டுறதும் உங்க வித்தையில உண்டுதானே? அப்படிப் பண்ணுங்க" என்றார்.

"நொண்டிக்கிட்டேவா? என் நடையைப் பார்த்து அவனும் நொண்டுவான்."

"அப்ப நான் நடக்குறேன்!"

அவர் கையில் நூலைக் கொடுத்து, மறுமுனையை நாற்காலியில் கட்டிப் பார்த்தாள். எவரிஸ்டோ பிடித்த மாத்திரத்தில் அறுந்தது. இரண்டாவது நூலும் அறுந்தது. மூன்றாவதில் நாற்காலியே விழுந்தது. அவள் பார்வை மெல்ல மேஜையின் கோடிக்கு நகர்ந்தது. பெல்மீரோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"வேண்டாம்" என்றான்.

"உன் நடை நேரா இருக்கும். வாழ்நாள் முழுக்க நடந்தவன் நீ."

"நான் தபால்காரன் ஒடீலியா. குதிரை ஆள் இல்ல. அதுவும் என் தொப்பியைத் தின்ன குதிரை."

"குதிரைகிட்ட உன்னைக் கொண்டுபோறதுக்கு முன்னாடி உன் கை எப்படின்னு நான் பார்க்கணும்." எழுந்தாள். சூப்புச் சட்டியிலிருந்த மரக்கரண்டியை எடுத்துத் துடைத்து, குறுக்கே பல்லில் கவ்விக்கொண்டாள். இரண்டு முனையிலும் நூல் கட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். திரும்பி நின்றாள்.

தபால்காரன் பெல்மீரோ தன் பெண்டாட்டியைச் சமையலறையில் நூல் பிடித்து ஓட்டிய கதை இதுதான். அவள் மேஜையைச் சுற்றி விந்தி விந்தி நடந்தாள், அவன் பின்னால் நடந்தான். எவரிஸ்டோ மூச்சு விடாமல் பார்த்தார். வாயில் கரண்டி இருந்ததால் ஒடீலியாவால் கத்த முடியவில்லை. அந்தச் சமையலறை கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை என்று பெல்மீரோ பின்னால் சொன்னான்.

முதலில் அவளுக்கு நூல் கட்டியிருப்பதே தெரியவில்லை. விட்டுவிட்டானோ என்று நினைத்தாள். மேஜை முனையில் இடது பக்கம் போவதா வலது பக்கமா என்று அவள் தயங்கிய நொடியில், வாயோரத்தில் ஏதோ ஒன்று மெல்லத் தொட்டு, இந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு உடனே விலகிக்கொண்டது. திரும்பினாள். அடுப்புப் பக்கம் இடுப்பு வலித்து அவள் நடை தடுமாறியது. அவள் வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே நூல் தளர்ந்து அவளுக்காகக் காத்திருந்தது. நாட்டிலுள்ள பெரிய சவாரிக்காரர்கள் பலரின் கையைப் பார்த்தவள் அவள். இப்படி ஒரு கையை அவள் பார்த்ததில்லை.

கரண்டியைத் துப்பினாள்.

"முப்பது வருஷமா இந்தக் கையை எங்கடா வச்சிருந்த?"

"இங்கதான். நீ எங்க கேட்ட?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னான். எவரிஸ்டோ தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். அவருடைய வாழ்க்கையில் அவர் செய்த மிக நாசூக்கான காரியம் அதுதான்.

பொலோட்டாவோடு பழகப் பெல்மீரோவுக்கு நாள் அதிகம் வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் பொலோட்டா திரும்பி, தொப்பி எங்கே என்று பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் வேலையைப் பார்த்தான். கத்துவதற்கு ஒன்றும் கிடைக்காமல் ஒடீலியாதான் தவித்துப்போனாள். "நிமிர்ந்து நட!" என்பாள், அவன் நிமிர்ந்துதான் நடந்துகொண்டிருப்பான்.

சந்தை நாள் வந்தது. பழைய பாணிக் குட்டைச் சட்டையை இரவல் வாங்கிப் பெல்மீரோவுக்குப் போட்டார்கள். இரவல் கொடுத்தவர் இன்னும் ஒல்லி. பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியாது, விட்டால் பொத்தான் நிற்காது. "மூச்சை அப்புறமா விட்டுக்கலாம்" என்றாள் ஒடீலியா. அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சதுக்கத்து வேலியோரம் நின்றாள். தன்னைச் சேணத்தில் உட்காரவைத்து அவள் எத்தனையோ முறை கனவு கண்ட இடம் அது. இப்போது அங்கே பெல்மீரோ போவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது.

வெள்ளைவெளேரென்று பொலோட்டா முன்னால் நடக்க, வாலுக்குப் பின்னால் ஒல்லியான ஓர் ஆள். நூல் கூட்டத்தின் கண்ணுக்கே தெரியவில்லை. குதிரையும் மனிதனும் ஒன்றாக உலாவப் போகிறார்கள் என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. பொலோட்டா பக்கவாட்டில் வழுக்கினான், சுழன்றான், நடுச் சதுக்கத்தில் நின்று தாளம் போட்டுத் துள்ளத் தொடங்கினான். இடது பின்னங்கால் மற்ற மூன்றையும்போல அவ்வளவு அழகாக எழுந்து விழுந்தது.

அப்போது எந்தப் பாவி கை தவறியதோ, கஷ்கொட்டை வறுக்கும் இரும்புச் சட்டி கல் தரையில் விழுந்து பீரங்கிபோல வெடித்தது. பொலோட்டா எகிறினான். கூட்டம் மூச்சைப் பிடித்தது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் பிடித்து இழுத்திருப்பார்கள். பெல்மீரோ கையைத் திறந்துவிட்டான். நூல் உள்ளங்கையில் சும்மா கிடந்தது. பொலோட்டா தாவிப் போய் நின்றான், ஒரு காதைத் திருப்பினான், பின்னால் ஒருவரும் இழுக்கவில்லை. அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, விட்ட இடத்திலிருந்து துள்ளலைத் தொடர்ந்தான்.

சதுக்கம் இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல். ஒடீலியா தன் கையைக் குனிந்து பார்த்தாள். இரண்டு கையும் முஷ்டியாக மார்போடு இறுகியிருந்தன, கைத்தடி எப்போதோ கீழே விழுந்திருந்தது. நூல் அவளிடம் இருந்திருந்தால் அறுந்திருக்கும். யாரும் சொல்லாமலேயே அவளுக்கு அது தெரிந்தது.

பக்கத்தில் லிஸ்பன்காரி ஒருத்தி, நல்ல கோட்டு, கையில் கஷ்கொட்டைப் பொட்டலம், கண்ணெல்லாம் தண்ணீர். குனிந்து தடியை எடுத்து ஒடீலியாவிடம் கொடுத்தாள்.

"பாத்தீங்களாம்மா? அந்த மனுஷர் எவ்வளவு பொறுமைசாலியா இருக்கணும்! அந்தக் குதிரையோட எத்தனை வருஷம் பாடு பட்டிருப்பாரு, இல்லீங்களா?"

அது என் குதிரை, பழக்கினது நான், குளியலறைக்கு ஓடு பதிக்காமல் விட்டது நான் என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சதுக்கத்தின் நடுவில் பெல்மீரோ, பொத்தான் தெறித்த சட்டையோடு, கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தான். கைத்தட்டல் எதுவும் அவன் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"ஆமாங்க, ரொம்பப் பாடு பட்டிருக்காரு" என்றாள் ஒடீலியா. "குதிரையோட இல்லீங்க. என்னோட."